லயத்துக் கறிவேப்பிலையில் தொடங்குங்கள்

பூச்சி, புழு, சிலந்தி என்று திரியும் பிள்ளை எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். கான் ஓரத்தில் குந்தியிருக்கும். விளக்குக் கம்பத்தடியில் விடிகாலையில் விழுந்து கிடக்கும் வண்டுகளைப் பொறுக்கும். கால்சட்டைப் பையில் தீப்பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டில் அதற்குக் கிடைப்பது "ச்சீ, கீழ போடு" என்ற அதட்டல்தான். கீழே போடாமல் ஒளித்து வைத்தால், மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்ட ஜேம் போத்தலுக்குள், ஒரு பிடி புல்லோடு, மூன்றாம் நாள் அந்தப் புழு செத்துக் கிடக்கும். பிள்ளை அழும். அடுத்த வாரம் இன்னொன்றைப் பிடிக்கும். அதுவும் சாகும்.

காற்றில்லாமல்தான் செத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு புழு மூச்சு விடத் தேவையான காற்று அந்தப் போத்தலில் தாராளமாகவே இருக்கிறது. அதைக் கொல்வது பிழையான இலையும் ஈரமும். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் ஒரே செடியையோ அந்தச் செடியின் சொந்தக்காரச் செடிகளையோதான் தின்னும். தேசிக்காய் மரத்துப் புழு புல்லுக்கு நடுவில் பட்டினி கிடந்து சாகும், ஒரு கடி கூடக் கடிக்காது. ஈரம் அதைவிட மோசம். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துக் குளிரில் மூடிய கண்ணாடிப் போத்தல் உள்ளே வியர்க்கும். புழுவின் எச்சம் அந்த ஈரத்தில் ஒரே இரவில் பூசணம் பிடிக்கும்.

ஆகவே பூச்சிப் பிரியம் உள்ள பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "இது எந்தச் செடியில் இருந்தது?" என்பதைத்தான். அந்தக் கேள்வி பழகிவிட்டால் மீதி எல்லாம் அதன் பின்னாலேயே வரும். காட்டுக்குப் போகத் தேவையில்லை. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலையோ தேசி மரமோ ஒரு வருடப் படிப்புக்குப் போதும்.

மழைக்குப் பின் கறிவேப்பிலை துளிர் விடும்போது பாருங்கள். கருமையும் சிவப்புமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி இலைகளைத் தொட்டுத் தொட்டு, ஓரிடத்திலும் முழுதாக உட்காராமல் படபடத்தால், அது முட்டையிடுகிறது. முன்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, இது கறிவேப்பிலைதான் என்று உறுதி செய்த பிறகே முட்டை வைக்கும். அது போன பிறகு இளந்துளிரைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலையளவில், வெளிர் மஞ்சளாக, உருண்டையாக ஒரு முட்டை இருக்கும். ஒரு இலைக்கு ஒன்றுதான், கூட்டமாக இடாது.

கண்டி, மாத்தளை வெப்பத்தில் 3 முதல் 5 நாளில் முட்டை பொரிக்கும். உயரம் ஏற ஏற நாள் கூடும். வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும். பிறகு இலையின் மேல்பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி, அசையாமல் கிடக்கும். கருப்பும் வெள்ளையுமாக ஈரப் பளபளப்போடு குருவி எச்சம் மாதிரியே இருப்பதால் குருவி அதைத் தொடாது. நான்கு தோல் உரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது வேஷம் முழுதாக மாறும். பச்சையாகி, முன்பக்கம் பருத்து, பாம்புக் கண்போல இரண்டு குறிகள் தெரியும். அவை கண்கள் அல்ல. உண்மைத் தலை அதற்கு முன்னால், கீழே குனிந்து, சின்னதாக இருக்கிறது. மெதுவாக முதுகைத் தட்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே புளித்த தேசிப்பழ மணம் வரும். எறும்பையும் சிறு எதிரிகளையும் விரட்டத்தான் அது. ஒரு தடவை காட்டினால் போதும், திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பது புழுவுக்குத் துன்பம்.

வளர்க்க ஆசைப்பட்டால், 2 லீட்டர் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று எடுங்கள். மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு நுளம்பு வலைத் துண்டு ஒன்றை விரித்து, விளிம்பை மட்டும் மூடி இறுக்குங்கள். அடியில் பத்திரிகைத் தாள். கிளையைச் சின்ன மருந்துப் போத்தலில் தண்ணீர் விட்டு நிறுத்தி, போத்தல் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். இந்தப் பஞ்சை மறந்துவிட்டுப் புழுக்களைத் தண்ணீரில் சாகடிப்பவர்கள் மிக அதிகம். புழு கிளை வழியே இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய்விடும், திரும்ப ஏறத் தெரியாது. ஒரு பெட்டிக்குப் பெரிய புழு மூன்றுக்கு மேல் வேண்டாம். கடைசிப் பருவத்தில்தான் அது வாழ்நாள் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தின்னும். காலையில் வைத்த கொப்பு மாலையில் வெறும் ஈர்க்காக நிற்கும். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். புழுவைக் கையால் பிடுங்கி இடம் மாற்றக் கூடாது. பிடிகால் கிழியும். பழைய இலையோடு வெட்டிப் புதுக் கொப்பில் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும்.

சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை கொடுக்காதீர்கள். மருந்து தெளித்த இலை தின்ற புழு பச்சை நீரை வாந்தியெடுத்து, முறுக்கி முறுக்கிச் சாகும். கழுவிக் கொடுத்தாலும் பலன் இருக்காது. தேயிலை மலைக்கு மருந்தடித்த நாட்களில் ஓரத்துச் செடிகளையும் தொட வேண்டாம். இன்னொன்று, தலைகீழாகத் தொங்கி, கறுத்து, தொட்டால் நாற்ற நீராக வழியும் புழு வைரஸ் நோயில் செத்தது. அதை மட்டும் எறிந்தால் போதாது. பெட்டியை ப்ளீச் நீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைக்காமல் அடுத்ததை அதில் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

கூட்டுப்புழு ஆகும் முன் புழு சாப்பாட்டை நிறுத்தி, வயிற்றில் இருப்பதை ஈரமாக வெளியேற்றிவிட்டு, பெட்டி முழுக்க ஓடித் திரியும். வயிற்றோட்டம் என்று பயப்பட வேண்டாம். சாய்வாக ஒரு குச்சி வைத்தால் போதும். வால் நுனியைப் பட்டு நூல் திண்டில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் வளையம் கட்டிக்கொள்ளும். தேங்காய் மரம் ஏறுபவர் இடுப்புக் கயிறு போலத்தான் சாய்ந்திருக்கும். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ தோல் உரித்துக் கூட்டுப்புழுவாகும். பச்சைக் கொப்பில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் மண்ணிறமாகவும் பெரும்பாலும் அமையும். நூல் அறுந்து விழுந்துவிட்டால் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, வால் கீழே இருக்கும்படி அதற்குள் நிறுத்தி, பெட்டிச் சுவரில் குத்தி வையுங்கள்.

10 முதல் 14 நாள். மேட்டு நிலத்தில் அதற்கும் மேல். வெளிவருவதற்கு முந்திய நாள் கூட்டின் தோல் கண்ணாடிபோலாகி, உள்ளே மடித்து வைத்த இறக்கையின் கோலம் தெரியும். பெரும்பாலும் காலையில் வெளிவரும். அப்போது இறக்கை நனைந்த துணி போல் சுருங்கித் தொங்கும். ஏறித் தொங்க 10 சென்டிமீட்டராவது இடம் வேண்டும். இடம் போதாமல் இறக்கை மடிந்து காய்ந்துவிட்டால் அது பறக்கவே பறக்காது, பிறகு எதுவும் செய்ய முடியாது. அரை மணி நேரத்துக்குள் இறக்கை விரியும், காய இன்னும் ஓரிரு மணி நேரம். விரியும்போது சொட்டும் சிவந்த நீரைப் பார்த்து இரத்தம் என்று பிள்ளை பதறும். கூட்டுக்குள் இருந்த காலத்தின் கழிவு அது.

இங்கேதான் கறிவேப்பிலை தரும் பெரிய அதிசயம். இந்த வகையின் ஆணெல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு உடல், பின்னிறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசை. பெண்ணில் மூன்று உருவம். ஒன்று அச்சாக ஆண் போலவே. மற்ற இரண்டும், விஷமுள்ள இரண்டு வேறு வகை வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து வரைந்தாற்போல் சிவப்புத் தடம் போட்டவை. அந்த விஷக்காரப் பூச்சிகளை ஒருமுறை தின்று துப்பிய குருவி இவற்றையும் விட்டுவிடும். மூன்று உருவமும் இலங்கையில் உண்டு. ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே வேறு வேறு உருவப் பெண்கள் வரலாம். எந்த உருவம் என்பதை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று 2014ல் கண்டுபிடித்தார்கள். லயத்துப் பின்பக்கத்து ஐஸ்கிரீம் பெட்டியில் அக்காளும் தங்கையும் வெவ்வேறு உருவில் வெளிவருவதைப் பார்த்த பிள்ளைக்குப் பரம்பரை அலகு பற்றிப் பாடசாலையில் சொல்லும்போது வேறு விளக்கம் தேவைப்படாது.

நுவரெலியாவின் குளிரில் கறிவேப்பிலை சரியாக வராது. கவலை இல்லை, வேறு செடிகள் இருக்கின்றன. கோயில் வாசல் அலரியைப் பாருங்கள். அதில் கறுப்புக் கொம்புகள் வைத்த வரிப்புழு இருந்தால், அதன் கூட்டுப்புழு வெள்ளிக் குண்டுமணி போல, முகம் பார்க்கலாம் என்கிற பளபளப்போடு தொங்கும். அலரிப் பால் விஷம், இலையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். நிழல் மரங்களில் ஒட்டி வளரும் குருவிச்சையில் மஞ்சளும் சிவப்பும் பூசிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி கூட்டமாக முட்டையிடும், புழுக்களும் கூட்டமாகவே தின்னும். காஞ்சோண்டி இலை கூடாரம்போல மடிந்து நூலால் தைத்திருந்தால் உள்ளே மலை உச்சிக் குளிரிலும் பறக்கும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கலாம். கையுறை இல்லாமல் தொட்டால் என்ன ஆகும் என்று காஞ்சோண்டி தானே சொல்லித் தரும். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்தில் விரல் தடிப்பத்தில், வாலில் வளைந்த கொம்போடு வரும் புழு, முதுகில் மண்டையோட்டுக் குறி போட்ட பெரிய அந்துப்பூச்சியின் பிள்ளை. அந்த அந்துப்பூச்சி பிடித்தால் கீச்சிடும். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும். கடிக்காது, கொட்டாது, சாவுக் குறியும் இல்லை.

வத்தாளை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொடியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இலையில் வட்ட ஓட்டைகள் இருந்தால் கீழ்ப்பக்கம் திருப்புங்கள். ஆமை ஓடு மாதிரி விளிம்பு வைத்த, உருக்கிய தங்கம் போன்ற ஒரு வண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் குட்டி, உரித்த தோலையும் எச்சத்தையும் வாலில் கோத்துக் குடைபோல முதுகின்மேல் தூக்கித் திரியும், எறும்பு வந்தால் அந்தக் குப்பையை அது வந்த பக்கம் திருப்பிக் காட்டும். இந்த வண்டைத் தீப்பெட்டியில் போட்டுச் சாகவிட்டால் மறுநாள் தங்கம் இருக்காது, மங்கிய மண்ணிறம்தான் இருக்கும். மேல் ஓட்டின் மெல்லிய படைகளுக்கு இடையில் உள்ள ஈரத்தில் ஒளி பட்டுத்தான் அந்தப் பொன்னிறம் பிறக்கிறது. ஈரம் காய்ந்தால் நிறம் போச்சு. பூச்சியைக் கொன்று ஊசி குத்திச் சேர்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு இந்த ஒரு வண்டைக் காட்டினால் போதும்.

சில நேரம் வண்ணத்துப்பூச்சிக்காகக் காத்திருந்த பெட்டியில் வேறொன்று வரும். புழுவின் உடலைச் சுற்றி அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருக்கும். அல்லது கூட்டுப்புழுவில் ஊசித்துளை விழுந்து சின்னச் சின்னக் குளவிகள் வரிசையாக வரும். அல்லது சளி நூலில் ஒரு புழு இறங்கி, ஓரிரு வாரத்தில் முள்மயிர் ஈயாக மாறும். பிள்ளைகள் இதைக் களவுபோனதாக நினைத்து அழுகிறார்கள். எறியாமல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேயிலையின் வரலாற்றையே திருப்பியது இப்படியொரு குளவிதான்.

தேயிலைக் கொழுந்தை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுவுக்கு டொர்ட்ரிக்ஸ் என்று பெயர். இலங்கைத் தோட்டங்களை அது ஒரு காலத்தில் மிகவும் வாட்டியது. 1935, 36ல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற மெல்லிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது டொர்ட்ரிக்ஸ் புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்னும். புழு அடங்கிவிட்டது. பிறகு 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை மலைமலையாக அடித்தார்கள். மருந்து குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த டொர்ட்ரிக்ஸ் திரும்பவும் கிளம்பியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியைக் கிளப்பிவிட்ட இந்தக் கதையைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நடந்த இடம் அவர்கள் வீட்டு வாசல்.

அந்தத் துளைக்கும் வண்டையும் நேரில் பார்க்கலாம், கவ்வாத்து வெட்டும் காலத்தில். ஷொட் ஹோல் போரர் என்பார்கள். பெண் வண்டு 2 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நடுமலைத் தோட்டங்களில் வெட்டிப் போட்ட கவ்வாத்துக் குச்சியில் பென்சில் முனையால் குத்தியது போன்ற துளை தெரிந்தால், அந்த இடத்தைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும். தண்டைச் சுற்றி வளைந்து போகும் சுரங்கம், அதன் சுவரில் கருமை. அந்தக் கருமைதான் விஷயம். வண்டு மரத்தைத் தின்பதில்லை. தன் வாய்ப்பக்கத்துப் பைகளில் ஒரு பூசணத்தின் விதையைக் கொண்டுவந்து சுரங்கச் சுவரில் பயிரிடும். குஞ்சுகள் தின்பது அந்தப் பயிரை. ஆண்கள் பறக்காது, சுரங்கத்தைவிட்டு அநேகமாக வெளியே வராது. தேயிலைக் குச்சிக்குள் ஒரு விவசாயி! அதனால் கொப்புக்குப் பலம் போய், கொழுந்து பறிக்கும்போது முறிந்துவிடும். பாடுபடுகிறவர்களுக்கு அது இழப்பு, அதையும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு தோட்டத்திலேயே இருந்து உலகத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. 1861ல் கொழும்பில் பிறந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன், பூண்டுலோயாவில் தோட்டம் பார்த்துக்கொண்டே செதில் பூச்சிகளை ஆராய்ந்தார். இலையில் ஒட்டிய பொட்டு போலக் கிடக்கும், கால் இருப்பதே தெரியாத அந்தப் பூச்சிகளில் ஏராளமானவற்றுக்கு முதன்முதலில் விளக்கம் எழுதியவர் அவர். பூண்டுலோயா என்ற பெயர் பூச்சியியல் நூல்களில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். 1869ல் துரு நோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்கிய பிறகு, மிச்சமிருந்த கோப்பியை வாட்டிய பச்சைச் செதில் பூச்சிக்கு 1889ல் பெயர் வைத்தவரும் அவரே. அந்தப் பூச்சி இன்றும் கோப்பியிலும் தேசி மரத்திலும் இருக்கிறது. மரத்தில் எறும்பு வரிசை ஏறினால் பின்தொடர்ந்து போங்கள். நடு நரம்பு ஓரமாகப் பச்சைப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். எறும்பு ஒரு பொட்டைக் கொம்பால் தடவும், அது ஒரு துளி இனிப்பு நீர் விடும், எறும்பு குடிக்கும். அந்த நீர் வழிந்த இலைகளில் கரி பூசியது மாதிரிக் கறுப்புப் பூசணம் படரும். பொறிவண்டு அந்தப் பொட்டுகளைத் தின்ன வந்தால் எறும்பு துரத்தும். ஒரு கைலென்ஸும் அரை மணி நேரமும் இருந்தால் இவ்வளவும் ஒரே கொப்பில் தெரியும்.

செடிக்கு அடுத்தது செடியின் அடி. கல்லைப் புரட்டும்போது உங்களுக்கு எட்டப் பக்கத்து விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கி உயர்த்துங்கள். அப்போது உள்ளே குழிவிரியனோ தேளோ இருந்தால் கல்லே உங்களுக்கும் அதற்கும் நடுவில் மறைப்பாக நிற்கும். விரலை அடியில் விடாதீர்கள், ஒரு கம்பால் நெம்புங்கள். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். திறந்து விட்டால் அந்த ஈரம் ஒரு மதியத்தில் காய்ந்து, அதை நம்பியிருந்ததெல்லாம் சாகும். காய்ந்த சருகைச் சுளகில் அள்ளிப் போட்டு மெதுவாக ஆட்டினால் கண்ணுக்குத் தெரிவது தெரியும். தெரியாததற்கு ஒரு வழி உண்டு. 1.5 லீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தலைகீழாக அதே போத்தலில் செருகுங்கள். கழுத்தில் பெரிய கண்ணுள்ள வலை. மேலே ஒரு பிடி சருகு, அடியில் நனைத்த கடதாசி. மேலிருந்து மெல்லிய சூடு பட்டால் சருகு காயக் காய உயிர்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கும். ஒன்றிரண்டு நாளில் குதிக்கும் வெள்ளைப் பூச்சிகள், உண்ணிகள், தேள் போல இடுக்கிக் கை இருந்தும் வாலில்லாத பொய்த்தேள்கள் எல்லாம் விழுந்திருக்கும். எல்இடி குமிழில் சூடு இல்லாததால் இது வேலை செய்யாது. பழைய குமிழோ, அடுப்பு மேட்டின் கதகதப்போ வேண்டும். பார்த்த பிறகு சருகு எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.

மரவட்டையையும் பூரானையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. ஒரு வளையத்துக்கு இரண்டு சோடிக் கால் என்றால் மரவட்டை, சருகு தின்னும், கடிக்காது. ஒரு சோடி என்றால் பூரான், வேகமாக ஓடும், கடித்தால் இரவெல்லாம் வலிக்கும். காட்டோரச் சருகில் பளபளவென்று கோலிக்குண்டு ஒன்று கிடந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் குண்டு பிளந்து, கொம்பு நீட்டி, நடக்கும். அதுவும் மரவட்டைதான், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் பெரிய உருண்டை வகை. வீட்டில் வைத்தால் வாழாது, விட்டுவிடுங்கள்.

அட்டையை மட்டும் யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒட்டிய அட்டைக்கு உப்பு, நெருப்பு, புகையிலை வேண்டாம். எரிச்சலில் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கக்கூடும். மெல்லிய முனைதான் வாய். அதன் அருகில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும், பிறகு தடித்த முனையை எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, அழுத்திக் கட்டினால் போதும். லென்ஸில் பார்த்தால் அதற்குப் பத்துக் கண்.

இரவில், இஸ்தோப்பில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு முன்னால் விளக்குப் போடுங்கள். எல்இடிக்கு அந்துப்பூச்சி குறைவாகத்தான் வரும், பழைய டியூப் லைட்டுக்கு நன்றாக வரும். நிலா இல்லாத, காற்றில்லாத, லேசாகத் தூறும் இரவுகளே நல்லது. ஏழு மணி முதல் பத்து வரை போதும். விடிய விடிய எரியவிட்டால் விடிகாலையில் குருவிகள் வேட்டியைத் துடைத்துவிடும். மெல்லியதாக, செம்மஞ்சளும் கறுப்புமாக, எறும்பு மாதிரி ஓடும் ஒரு வண்டு வந்தால் கையால் நசுக்காதீர்கள். அதன் இரத்தம் பட்ட இடம் மறுநாள் நெருப்புச் சுட்டது போல் கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள். லயத்தைவிட்டுத் தள்ளிப் போய் விளக்கு வைப்பது கூடாது, தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் நேரம் அது.

கம்பளிப்பூச்சி மயிர் பட்டால் தேய்க்க வேண்டாம். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் மயிர் வந்துவிடும், பிறகு கழுவலாம். மரப்பொந்திலும் பழைய கட்டடச் சுவரிலும் இருக்கும் புலிச்சிலந்தியைத் தூரத்திலிருந்தே பாருங்கள். அதன் கடி நாட்கணக்கில் தசையைப் பிடித்து இழுக்கும். அதுவும் அழியும் வகை, 2019 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது.

குளவியைப் பற்றி மலையகத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை பேர் கொழுந்து மலையில் அதனால் விழுந்திருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளைக்கு இரண்டு கூட்டையும் அடையாளம் காட்டுங்கள். பாறைக்கு அடியிலோ உயர்ந்த மரக்கிளையிலோ ஒரே தட்டாகத் திறந்தபடி தொங்கினால் மலைத்தேனீ. கடதாசிப் பந்து மாதிரி மூடியிருந்தால் குளவி. இரண்டுக்கும் கிட்டக் கல்லெறிதல், புகை, சத்தம் எதுவும் வேண்டாம். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தைப் படங்காலோ துணியாலோ மூடிக்கொண்டு, கதவு உள்ள இடத்தை நோக்கி நிற்காமல் ஓட வேண்டும். ஒன்று கொட்டினால் அந்த இடத்து மணம் மற்றவற்றையும் அழைக்கும். தேனீயின் கொடுக்குத் தோலில் நின்றால் யோசிக்காமல் உடனே சுரண்டி எடுங்கள், நிற்கும் ஒவ்வொரு நொடியும் விஷம் இறங்கும். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமை. அங்கே எதையும் எடுக்கக் கூடாது, ஒரு இலை கூட. யால தேசியப் பூங்காவில் பூச்சிகளைப் போத்தல்களில் சேர்த்த இரண்டு வெளிநாட்டவர்களுக்கு 2024ல் நீதிமன்றம் 6 கோடி ரூபாய் தண்டப்பணம் விதித்தது. வண்டுக்கும் சிலந்திக்கும் காசு தருகிறேன் என்று யாராவது பிள்ளையிடம் கேட்டால் வீட்டில் சொல்லும்படி பழக்குங்கள்.

படத்துக்கு சாதாரண போன் போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இருந்த செடியின் இலை தெரிய ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் இனம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சின்னப் பிள்ளை என்றால் பெரியவர் கணக்கில் போட்டு, வீட்டு இடத்தை மறைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு கொப்பி. 80 பக்கக் கொப்பி போதும். திகதி, நேரம், செடி, இலையின் மேலா கீழா, எத்தனை, மழையா வெயிலா, என்ன செய்துகொண்டிருந்தது. "தேசி மரம், கிழக்குக் கொப்பு, எச்சம் போன்ற புழு 3, காலை மூடுபனி" என்று ஒரு வரி எழுதினால் போதும். மறுநாள் இரண்டுதான் இருந்தால் இரண்டு என்று எழுத வேண்டும். ஒன்றுமே இல்லாத நாளிலும் திகதி போட்டு "இல்லை" என்று எழுத வேண்டும். பிள்ளைகள் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். தென்மேற்கு மழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும் மாதங்களில் பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். இரண்டு பக்கத்து மரங்களும் ஒரே மாதத்தில் துளிர்ப்பதில்லை. எந்த மாதத்தில் புழு வருகிறது, எந்த மாதத்தில் காணாமல் போகிறது என்பதை அந்த "இல்லை"களை எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.